தேதியை உரைத்துப் பார்ப்பவர்கள்

சென்ற இதழில் சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டு பற்றி வெளியான கட்டுரைக்கு இது மறுப்பு. அந்தக் கட்டுரை ஆறு பக்கம். 'முதல்', 'முன்னோடி', 'முந்தியது' என்ற மூன்று சொற்களும் அதில் மொத்தம் 23 இடங்களில் வருகின்றன. எண்ணிப் பார்த்தேன்; எண்ணுவதுதான் எனக்குப் பிழைப்பு. இசைத்தட்டில் இருக்கும் பத்து ராகங்களில் ஒன்றின் பெயர்கூட ஓரிடத்திலும் வரவில்லை. ஒரு கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதுகிறவர் பதிப்பித்த ஆண்டை மட்டும் 23 தடவை சொல்லி, ஒரு கவிதையையும் தொடாமல் விட்டிருந்தால் இந்தப் பத்திரிகை அதைத் திருப்பி அனுப்பியிருக்கும். இசை என்றதும் பிரசுரித்துவிட்டது. ஆகவே என் சண்டை நண்பரோடு மட்டும் அல்ல, ஆசிரியரோடும்தான். பின்னால் சொல்லப்போகும் ஒரு காரணத்தால் என்னோடும்தான்.

கட்டுரையைப் படிக்காதவர்களுக்கு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சரண்ஜித் சிங் பம்பாய் சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களில் கிதாரும் பேஸ் கிதாரும், பிற்பாடு சிந்தசைஸரும் வாசித்து வந்தவர். ஆர்.டி. பர்மன் போன்றவர்களின் பாட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். கல்யாணங்களுக்குப் போய் வாசிக்கச் சொந்தமாக ஒரு வாத்தியக்குழு வைத்திருந்தார். சினிமாப் பாட்டுகளைக் குரல் இல்லாமல் வாத்தியத்தில் மட்டும் வாசித்துச் சில தட்டுகளும் வெளியிட்டிருந்தார். 1982இல் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி செய்த மூன்று கருவிகளை (ஜூப்பிட்டர்-8 என்ற சிந்தசைஸர், டிபி-303 என்ற பேஸ் இயந்திரம், டிஆர்-808 என்ற தாள இயந்திரம்) எடுத்துக்கொண்டு 'சிந்தசைஸிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற தட்டைப் பதிவு செய்தார். கிராமஃபோன் கம்பெனி ஆஃப் இந்தியா வெளியிட்டது. விற்கவில்லை. இருபது வருஷம் கழித்து, 2002இல், பழைய இந்தி சினிமா இசைத்தட்டுகளைத் தேடித் திரிந்த எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் டில்லியில் ஒரு கடையில் இதைக் கண்டெடுத்தார். 2010இல் தம் 'பாம்பே கனெக்‌ஷன்' வெளியீடாக மறுபடி கொண்டுவந்தார்.

கூச்சல் அதன் பிறகுதான். ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை வகையின் தொடக்கமாக, சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு 1987இல் வெளியிட்ட 'ஆசிட் டிராக்ஸ்' என்ற தட்டைச் சொல்வது வழக்கம். சிங்கின் தட்டு அதற்கு ஐந்து வருஷம் மூத்தது. இரண்டிலும் ஒலிப்பது அதே 303. ஆகவே ஆசிட் ஹவுஸ் பிறந்தது சிகாகோவில் அல்ல, பம்பாயில். நண்பரின் ஆறு பக்கமும் இந்த ஒரு வாக்கியம்தான். போகிற போக்கில் 'ஆம்பியண்ட் டெக்னோவுக்கும் இதுவே தாய்' என்று இன்னொரு பட்டத்தையும் கட்டிவிட்டார். சிங் தட்டைப் பதிந்த வருஷத்தில் இந்தப் பெயர்கள் எதுவும் புழக்கத்தில் இல்லை. பிள்ளை பிறக்கும் முன்பே பேரனுக்குப் பெயர்சூட்டு விழா நடத்துகிற காரியம் இது.

வங்கியில் நகைக்கடன் கேட்டு வருகிறவர்களின் நகையை மதிப்பீட்டாளர் கல்லில் உரைத்துப் பார்ப்பார். ஒரு சொட்டு திராவகம் வைப்பார். தராசில் போடுவார். பதித்திருக்கும் கல், உள்ளே இருக்கும் அரக்கு எல்லாவற்றுக்கும் எடை கழிப்பார். செய்கூலி கணக்கில் சேராது. அந்த அட்டிகையை எந்த ஊர் ஆசாரி எத்தனை ராத்திரி உட்கார்ந்து செய்தார் என்பது அவருக்கு அவசியமில்லாத தகவல். என்ன மாற்று, எத்தனை கிராம் என்பதோடு முடிந்தது. கடன் கொடுப்பதற்கு அதுவே சரியான முறை. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. விமர்சனத்துக்கு அது முறையல்ல. நண்பர் சிங்கின் தட்டைக் கல்லில் உரைத்தார்; 1982 என்று மாற்றுத் தெரிந்தது. திருப்தியோடு சீட்டு எழுதிவிட்டார். இசையைக் கல்லும் அரக்கும் என்று கழித்துவிட்டார்.

இது அவர் ஒருவரின் பழக்கம் என்றால் இவ்வளவு தூரம் எழுத வேண்டியதில்லை. நமக்கெல்லாம் ரத்தத்தில் ஊறியது இது. தமிழின் முதல் நாவல் 1879இல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்பது பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். அதை முழுக்கப் படித்தவர்கள் இந்தப் பத்திரிகையின் வாசகர்களிலேயே எத்தனை பேர்? முதல் சிறுகதை வ.வே.சு. ஐயருடையதா, பாரதியுடையதா என்று நாம் செலவழித்த காகிதத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் 'குளத்தங்கரை அரசமரம்' ஏன் ஒரு மரத்தைப் பேசவைக்கிறது, அந்தக் குரல் கதையை எந்த இடத்தில் காப்பாற்றுகிறது, எந்த இடத்தில் கெடுக்கிறது என்று கேட்பதில் செலவாகவில்லை. புதுமைப்பித்தன் எதிலும் முதல் ஆள் இல்லை. அதனால் அவருக்கு என்ன குறைந்துவிட்டது? 'எழுத்து' 1959இல் தொடங்கியபோது செல்லப்பா கேட்ட கேள்வி, இது எப்போது எழுதப்பட்டது என்பதல்ல. இது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது. அந்தக் கேள்வியின் வம்சத்தில் வந்ததாகச் சொல்லிக்கொள்கிற நாம் இசைத்தட்டைக் கையில் எடுத்ததும் தேதியோடு நின்றுவிடுகிறோம்.

சரி, தேதியையே எடுத்துக்கொள்வோம். அது என்னத்தை நிரூபிக்கிறது? சிகாகோக்காரர்கள் சிங்கைக் கேட்டதில்லை. சிங்கின் தட்டு எவருக்கும் வழிகாட்டவில்லை; இருபது வருஷம் கடைகளில் கிடந்தது. பின்னால் ஒருவரும் வராதவரை முன்னோடி என்று எப்படிச் சொல்வது? இரண்டு ஊர்களில் இரண்டு பேர் ஒரே கம்பெனியின் கருவியை வாங்கினார்கள், ஒருவர் ஐந்து வருஷம் முன்னால் வாங்கினார் என்பதற்கு மேல் இதில் சரித்திரம் எதுவுமில்லை.

அந்தக் கருவியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நண்பர் அதைப் பெயரளவில்தான் அறிந்திருக்கிறார். 303 என்பது தனியாக வாசிக்கிற கிதார்காரருக்குப் பக்கத்தில் பேஸ் வாசிக்க ஆளில்லாத குறையைத் தீர்க்கச் செய்த சின்னப் பெட்டி. 1981இல் வந்தது. நிஜமான பேஸ் கிதார்போல ஒலிக்கவில்லை என்று வாங்கியவர்கள் குறைப்பட்டார்கள். 1984இல் உற்பத்தி நின்றுவிட்டது. பிறகு பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்தது. சிகாகோவில் அதை வாங்கிய இளைஞர்கள் ஒரு சிறு ஸ்வரத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே குமிழ்களைத் திருகினார்கள். ஸ்வரம் அப்படியே இருக்கிறது. ஒலியின் நிறம் மட்டும் மாறுகிறது. குழைந்து, பிதுங்கி, கீச்சிட்டு, மறுபடி அடங்குகிறது. அந்த நிற மாற்றம்தான் அவர்களுடைய இசை. ஸ்வரம் வெறும் சாக்கு.

சிங் செய்தது நேர் எதிரானது. அவருக்கு ஸ்வரம்தான் இசை. 1982இல் இந்தி சினிமா முழுக்க டிஸ்கோவாக இருந்தது. அந்தத் தாளத்தை வைத்துக்கொண்டு, தபலாவை எடுத்துவிட்டு, ராகம் வாசித்தால் என்ன என்று தோன்றியதாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். பெட்டி அவர் கையில் பக்கவாத்தியம். அதில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகும் ஒரு வசதி உண்டு. சிகாகோவில் அது ஒலியைக் கோணலாக்க உதவியது. சிங்கிடம் அது ராகத்தின் வளைவுக்குப் பக்கத்தில் போய் நிற்க உதவியது. கமகம் என்று சொல்லமாட்டேன். கமகத்தின் நிழல் என்று சொல்லலாம். ஒரே இயந்திரம், இரண்டு காரியங்கள். ஒரே அச்சுக்கூடத்தில் பஞ்சாங்கமும் அச்சாகிறது, கவிதையும் அச்சாகிறது. சிங்கை ஆசிட் ஹவுஸின் தந்தை என்று சொல்லும்போது நாம் அவரைப் புகழவில்லை. அவர் செய்ய நினைத்ததை விட்டுவிட்டு, அவர் நினைக்காத ஒன்றைத் தற்செயலாகச் செய்துவிட்டதற்காகப் பொன்னாடை போர்த்துகிறோம். ஒரு கலைஞனுக்கு இதைவிட மரியாதையான அவமானம் இருக்க முடியாது.

இனித் தட்டைக் கேட்போம். பத்து உருப்படிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்து நிமிஷம். பைரவ், லலித், பூபாலி, தோடி, மதுவந்தி, மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி. நம் காதுக்குப் பழகிய பெயர்களில் சொன்னால் பைரவ் மாயாமாளவகௌளை, பூபாலி மோகனம், யமன் கல்யாணி, கலாவதி வலஜி, மால்கௌன்ஸ் ஹிந்தோளம், பைராகி ரேவதி. மதுவந்தி தர்மவதிக்குப் பக்கத்து வீடு. தோடி என்ற பெயரைப் பார்த்து நம் தோடி என்று ஏமாறக்கூடாது, அது சுபபந்துவராளி.

இந்த வரிசையை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ஹிந்துஸ்தானியில் ராகத்துக்கு நேரம் உண்டு. பைரவும் லலித்தும் விடியலுக்கு உரியவை. தோடி முற்பகல். மதுவந்தி பிற்பகல். யமன் விளக்கு வைக்கும் நேரம். கலாவதி இரவு. மால்கௌன்ஸ் நள்ளிரவு. கடைசியில் வரும் பைராகி மறுபடி காலை. நடுவில் மேக் மல்ஹார் கடிகாரத்துக்கு வெளியே மழைக்கு உரியது. மூன்றாவதாக வரும் பூபாலி ஒன்றுதான் வரிசையை மீறுகிறது. அது முன்னிரவு ராகம். மற்றபடி தட்டு ஒரு முழு நாளைச் சுற்றி வருகிறது. விடியலில் தொடங்கி நள்ளிரவைக் கடந்து அடுத்த விடியலில் நிற்கிறது. இது தற்செயலாக அமைந்த வரிசையாக இருக்க முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது. டிஸ்கோ என்பது ராத்திரி முழுக்க ஆடிவிட்டு விடிந்ததும் வீட்டுக்குப் போகிறவர்களின் இசை. அந்த ராத்திரிக்குப் பக்கத்தில் ராகங்களின் இருபத்துநான்கு மணி நேரத்தையும் வைத்த ஒரு மனம் இங்கே வேலை செய்திருக்கிறது. நண்பரின் 23 'முதல்'களில் ஒன்றுக்குக்கூட இதைக் காண நேரம் இல்லை. தட்டின் பின்னட்டையை ஒரு நிமிஷம் பார்த்தாலே கண்ணில் பட்டிருக்கும்.

எல்லாம் உன்னதம் என்று சொல்ல வரவில்லை. தம்பூரா இருக்க வேண்டிய இடத்தில் 303 ஓயாமல் சுழல்கிறது. நிற்கிற சுருதி நடக்கத் தொடங்குகிறது. இது நிஜமான கண்டுபிடிப்பு. மால்கௌன்ஸில் அற்புதமாகப் பொருந்துகிறது. நள்ளிரவு ராகமும் நள்ளிரவு நடனமும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன. யமனில் அதே காரியம் தோற்கிறது. கல்யாணிக்கு நின்று மூச்சுவிட இடம் வேண்டும். 808 இடம் தராது. தாளம் என்பது நமக்கு ஒரு சுற்று. கிளம்பிய இடத்துக்குத் திரும்பிவரும் சந்தோஷம் அதில் இருக்கிறது. டிஸ்கோவுக்குத் திரும்பும் வீடு இல்லை. அது நேர்கோட்டில் நடந்துகொண்டே இருக்கிறது. ஆகவே ராகம் ஒரு வாக்கியத்தை முடிக்கும் இடத்தில் தாளம் முடிவதில்லை. பத்து உருப்படிகளுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். ஏழாவது, எட்டாவது வரும்போது அலுப்புத் தட்டுகிறது. வேகமான ஸ்வர வரிசைகளில் விரல் முந்திக்கொள்கிறது, மனம் பின்தங்குகிறது. இவ்வளவு குறைகளோடும் இது பெரிய முயற்சி. இரண்டு காலக்கணக்குகளை ஒரே மேஜையில் உட்காரவைத்து, அவை ஒத்துப்போகாத இடங்களை மறைக்காமல் விட்டிருக்கிறது. இது என் தீர்ப்பு. தவறாக இருக்கலாம். ஆனால் இதை ஒருவர் மறுக்க முடியும், தட்டைப் போட்டுக் காட்டி மறுக்க முடியும். 'முதல்' என்பதோடு என்ன வாதம் செய்வது? காலண்டரோடு யார் சண்டை போடுவது?

அடுத்தது கண்டுபிடிப்பு என்ற விஷயம். நம்முடைய சொத்தை ஒரு வெள்ளைக்காரன் வந்து காட்ட வேண்டியிருக்கிறதே என்ற புலம்பலும் நண்பரின் கட்டுரையில் உண்டு. புலம்பலும் பெருமையும் அதில் மாறி மாறி வருகின்றன. இரண்டும் ஒரே கிணற்றுத் தண்ணீர்தான். பௌமன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் வாங்கினார், கேட்டார், கேட்டதும் விடமுடியாமல் அந்த மனிதர் இன்னும் இருக்கிறாரா என்று தேடிப் பம்பாயில் கண்டுபிடித்தார். செய்ய வேண்டியதைச் செய்தார். தட்டு டில்லியில் இந்தியக் கடையில் இந்தியக் கைகளுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதுவா ஒளிந்துகொண்டிருந்தது?

1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், உ.வே. சாமிநாதையரிடம் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதி, கலம்பகம், புராணம் என்று நீளமாகப் பட்டியல் சொன்னார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். அதிலிருந்து ஏழு வருஷத்தில், 1887இல், சிந்தாமணிப் பதிப்பு வந்தது. ஏடுகள் அந்தக் கேள்வியால் திடீரென்று முளைக்கவில்லை. மடங்களிலும் வீடுகளிலும் அவை இருந்துகொண்டேதான் இருந்தன. இல்லாதது கேள்வி. ஐயர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்ததை நாம் எல்லோரும் மேடையில் சொல்கிறோம். கிடைத்த ஏட்டை உட்கார்ந்து படித்து, புரியாத இடத்தில் ஜைனர்களிடம் போய்க் கேட்டுத் தெளிந்ததைச் சொல்வதில்லை. கண்டெடுத்தது அவர் வேலையில் பாதிகூட இல்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களும் பத்திரிகைகளும் நோட்டீசுகளும் அவர் மறைந்த பிறகு என்னவாயின என்பது இந்த வாசகர்களுக்குத் தெரியும். சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் சென்னையில் அது நூலகமாயிற்று. ஆசிட் ஹவுஸ் சிகாகோவிடமிருந்து நமக்கு வந்துவிட்டதாகக் குதிக்கிற நண்பர், நம் நோட்டீசுகளுக்கு அதே சிகாகோ பணம் கட்டியதையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

சிங்குக்கு முந்திய கதையும் ஒன்று உண்டு. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைஸரை நிறுவினார். அடுத்த மூன்று வருஷங்களில் கீதா சாராபாய், ஐ.எஸ். மாதுர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் செய்த ஒலிப்பதிவுகள் நாடாக்களாக நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திலேயே கிடந்தன. பால் பர்கஸ் என்ற லண்டன்வாசி தேடிவந்து கேட்கும்வரை கிடந்தன. 2023இல்தான் தொகுப்பாக வெளிவந்தன. தாளமே இல்லாமல் ஒலி மெல்ல ஊறி நிற்கும் இடங்கள் அவற்றில் உண்டு. நண்பர் தேடும் ஆம்பியண்டுக்கு 1982ஐவிட இன்னும் பத்து வருஷம் பழைய தேதி அங்கே கிடைக்கும். அவர் அடுத்த கட்டுரையை எழுத வசதியாகச் சொல்லிவைக்கிறேன். நான் சொல்ல வருவது வேறு. நாடாக்கள் தொலையவில்லை. பத்திரமாக அலமாரியில் இருந்தன. பத்திரமாக வைப்பதற்கும் கேட்பதற்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி வேண்டாம்.

இவ்வளவு நியாயம் பேசுகிறவன் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். சிங்கின் தட்டின் அசல் பிரதிக்குச் சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கும் ஆசை. செக்கானூரணியைத் தாண்டி ஒரு கிராமத்தில், நாற்பது வருஷம் ரேடியோ செட் போட்ட ஒரு பெரியவர் வீட்டில் இரண்டு பெட்டி இசைத்தட்டு இருப்பதாகத் தெரிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். காதணி விழா, கோயில் பொங்கல், கட்சிக் கூட்டம், மொய் விருந்து என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் புளியமரத்தில் குழாய் கட்டிப் பாடவைத்தவர். இப்போது மகன் பென்டிரைவில் போடுகிறார். கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப்பெட்டிகளை இழுத்துப் போட்டார். சீர்காழியின் பிள்ளையார் பாட்டு, ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள், நாகூர் ஹனீபா, 'திருவிளையாடல்' கதை வசனம், சேதுராமன்–பொன்னுசாமி நாதஸ்வரம். நான் ஒன்றையும் பார்க்கவில்லை. லேபிளைப் பார்த்தேன், செல்போனில் விலையைப் பார்த்தேன், அடுத்ததைப் புரட்டினேன். கல்லையும் அரக்கையும் கழித்துக்கொண்டே போனேன். சிங் இல்லை.

உறை இல்லாமல் இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்?' இருந்தது. 1986இல் வந்தது. தியாகராஜருக்கும் பாகுக்கும் சமர்ப்பணம் செய்தது. எடுத்துத் தனியே வைத்தேன். பெரியவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது பந்திக்கு ஆகாது தம்பி. ஒருவாட்டி போட்டேன், சாப்பிடுறவன் கைய நிறுத்திட்டான்."

பந்திக்கு எது ஆகும் என்று கேட்டேன். லேபிள் பாதி உரிந்துபோன ஒரு தட்டை எடுத்தார். சினிமாப் பாட்டுகளை ஆர்கனிலும் கிதாரிலும் வாசித்தது. வாசித்தவர் பெயர் போய்விட்டது. "வார்த்தை இருந்தா யாரு பாட்டு, எந்தக் கட்சிப் பாட்டுன்னு சண்டை வரும். இதுன்னா பேசிக்கிட்டே சாப்பிடுவாங்க. பேச்சு நின்னா பாட்டு கேட்கும், பேச்சு வந்தா பாட்டு ஒதுங்கிக்கிடும்" என்றார். 1978இல் பிரையன் ஈனோ விமான நிலையத்துக்கான தன் இசைத்தட்டில் ஆம்பியண்ட் என்ற சொல்லுக்கு எழுதிய விளக்கத்தின் சாரம் இதுதான்: கவனித்துக் கேட்கவும் கவனிக்காமல் விடவும் அந்த இசை இடம் தர வேண்டும். செக்கானூரணிக்கு அப்பால் ஒருவர் இதை இலை போடும் அனுபவத்திலிருந்து அறிந்திருந்தார். உடனே நண்பர், ஆம்பியண்ட் இசையைக் கண்டுபிடித்தது கள்ளர்நாட்டுப் பந்தியில் என்று எழுத உட்கார்ந்துவிட வேண்டாம். பெரியவர் எதையும் முதலில் செய்ததாகச் சொல்லவில்லை. கேட்டார், கேட்டதை வைத்துத் தரம் பிரித்தார். ஒரு தட்டு கையை நிறுத்தவைக்கும், ஒரு தட்டு ஒதுங்கிக்கொள்ளும் என்று அவர் சொன்ன இரண்டு வாக்கியத்தில் இருக்கும் விமர்சனம் நம் ஆறு பக்கத்தில் இல்லை.

என்ன விலை என்று கேட்டேன். "ஊசி இல்ல தம்பி, இங்க போட்டுக் காட்ட முடியாது. கொண்டுபோய்க் கேட்டுட்டு வாங்க. பெறகு வெல பேசுவோம்" என்றார். நாலாவது பாட்டில் தபலா நின்று வரும், அங்கே கீறல் உண்டு, தலையில் எட்டணா வைத்தால் தாண்டாது என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டில் எட்டணாவுக்குப் பதில் ஒரு ரூபாய் வைத்துக் கேட்டேன். சாதாரணத் தட்டுதான். பாதிப் பாட்டுகள் இயந்திரத்தனமாகப் போகின்றன. நாலாவதில் அவர் சொன்ன இடம் வந்தது. தபலா நிற்கிறது, ஆர்கன் மட்டும் துணையில்லாமல் நாலைந்து ஸ்வரம் நடக்கிறது, தபலா ஓர் அட்சரம் தாமதமாக வந்து சேர்ந்துகொள்கிறது. வேண்டுமென்று செய்ததா, வாசித்தவர் தவறவிட்டதா என்று தீர்மானிக்க முடியவில்லை. எட்டுப் பத்துத் தடவை அதை மட்டும் போட்டுக் கேட்டேன். அடுத்த ஞாயிறு போய் அதைச் சொன்னபோது பெரியவர் முகம் மலர்ந்தது. "ரெண்டாம் பக்கம்?" என்றார். அதை ஒருமுறை ஓடவிட்டதோடு சரி. சொல்ல ஒன்றுமில்லாமல் நின்றேன். "அப்ப இன்னொரு வாரம் வச்சிருங்க" என்றார். விலை இன்னும் பேசவில்லை.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். நண்பரின் கட்டுரையைத் தொடர்ந்து வரும் கடிதங்களில் எது முதல், எது அதற்கும் முதல் என்ற சர்ச்சை கிளம்பினால் அவற்றைப் பிரசுரிக்க வேண்டாம். சிங்கின் தட்டு இப்போது யாருக்கும் கிடைக்கிறது. நண்பர் அதை ஒரு தடவையாவது பைரவிலிருந்து பைராகி வரை முழுக்கக் கேட்கட்டும். கல்யாணி தோற்கிறது என்று நான் சொன்னது தப்பு என்று எழுதட்டும். பூபாலி ஏன் மூன்றாவதாக வருகிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை; அவருக்கு விளங்கினால் அதை எழுதட்டும். ஆறு பக்கம் அல்ல, பத்துப் பக்கம் வேண்டுமானாலும் அதற்குக் கொடுக்கலாம்.